ஆய்வு நூலை யாரிடம் கொடுப்பது? மூன்று கையெழுத்துப் படிகளும் ஆறு வழிகளும்

கல்லூரி நூலகத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கல்விப் பதிப்பகங்களின் 'புதிய வரவுகள்' மின்னஞ்சல் மட்டும் நிற்கவே இல்லை. பளபளவென்று அட்டைப் படங்கள், அவற்றுக்குக் கீழே 'எங்கள் ஆசிரியருக்குப் பரிசு', 'எங்கள் ஆசிரியர் அடுத்த வாரம் லண்டனில் உரையாற்றுகிறார்' என்று நாலைந்து செய்தி. அதை யாருக்காவது அனுப்பி வைத்தால் இரண்டாம் நாள் ஃபோன் வரும்: "நம்ம புத்தகமும் இதுல வருமா?"

இந்த வருஷம் அப்படிக் கேட்டவர்கள் மூன்று பேர்.

ஒருவர் பாம்பன் பக்கத்துப் பெண். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவர். அவருடைய அம்மாவே முப்பது வருஷம் பாசி எடுத்தவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி, பாறையைத் தடவித் தடவி மரிக்கொழுந்து என்கிற பாசியைப் பறித்த கை. இரண்டாமவர் எங்கள் கீழக்கரைக்காரர், கல்லூரி ஆசிரியர், என்னைக் காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணன்) என்று கூப்பிடுகிறவர். மரக்காயர்களின் கப்பல் வணிகம் பற்றி எழுதி முடித்துவிட்டார். பதவி உயர்வு நேர்காணல் நெருங்குகிறது. மூன்றாமவர் தேவிபட்டினம் பக்கத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சேது யாத்திரைப் பாதையில் சேதுபதிகள் கட்டிய சத்திரங்களைத் தேடி நாற்பது வருஷம் சைக்கிளிலும் பஸ்ஸிலும் அலைந்து குறிப்பெடுத்தவர். பதினாறு நோட்டு. வயது எழுபத்தெட்டு.

மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இரண்டு பேரை ஏமாற்றியதாகிவிடும். அதனால் வழிகளை வரிசையாக வைத்துப் பார்த்தோம்.

எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி, புத்தகம் யார் கைக்குப் போக வேண்டும் என்பது. "எல்லாரும் படிக்கணும்" என்பது பதில் ஆகாது. 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட இடத்தில் பாசி எடுப்பதைப் பற்றி எழுதினால், வனத்துறை அதிகாரி படிக்க வேண்டும், மண்டபத்துக் கடல்மீன் ஆராய்ச்சிக்காரர் படிக்க வேண்டும், பாசி எடுக்கும் பெண்ணின் பிளஸ் டூ முடித்த மகளும் படிக்க வேண்டும். இந்த மூவரும் ஒரே கடையில் புத்தகம் வாங்குகிறவர்கள் இல்லை.

அடுத்தது மதிப்பாய்வு. அச்சேறும் முன் விஷயம் தெரிந்த ஒருவர் படித்து, "இந்த அத்தியாயம் நிற்காது" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாரா? பிறகு காலம். கல்லூரி வேலையில் இருப்பவர்களுக்குப் பதவி உயர்வுக்கான புள்ளிக் கணக்கும் உண்டு: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி பன்னாட்டுப் பதிப்பகத்தில் நூல் வந்தால் 12, தேசியப் பதிப்பகம் என்றால் 10, தொகுப்பு நூலில் ஒரு கட்டுரை என்றால் 5. இரண்டு புள்ளி வித்தியாசத்துக்காகப் பத்து வருஷ உழைப்பைத் தவறான கையில் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, கையெழுத்துப் போட்ட பிறகு உங்களிடம் என்ன உரிமை மிஞ்சுகிறது, உங்கள் பையிலிருந்து எவ்வளவு போகிறது. இந்த இரண்டையும் யாரும் முதலில் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை, அந்தக் கதை கீழே வருகிறது.

நூலகக்காரன் என்ற முறையில் ஒரு சோதனை சொல்கிறேன். பதிப்பகத்தின் புதிய வரவுகளைப் பார்க்காதீர்கள். பத்து வருஷத்துக்கு முன் அவர்கள் போட்ட நூல் ஒன்றை ஆர்டர் கொடுத்துப் பாருங்கள். வந்து சேர்ந்தால் அது பதிப்பகம். "ஸ்டாக் இல்லை, மறு அச்சு யோசனையில் இருக்கிறது" என்றால் உங்கள் புத்தகத்துக்கும் அதே கதிதான்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பதிப்பகம்

கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பதிப்பகங்கள் எல்லாம் இந்த வகை. கேம்பிரிட்ஜ் பதிப்பகத்துக்கு 1534-ல் எட்டாம் ஹென்றி கொடுத்த உரிமைப் பட்டயம்தான் மூலம். அச்சுக் கோக்கத் தொடங்கியது 1584-ல். அந்தப் பழைய மரியாதை இன்னும் வேலை செய்கிறது. நேர்காணல் குழுவில் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி வராது.

முதலில் முழு நூலையும் அனுப்பக் கூடாது. நூல் திட்டம் ஒன்று எழுத வேண்டும்: என்ன சொல்கிறது, ஏற்கெனவே வந்த நூல்களிலிருந்து எங்கே விலகுகிறது, யார் படிப்பார்கள், அத்தியாயச் சுருக்கம், மாதிரிக்கு ஓரிரு அத்தியாயம். திட்டத்தை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடத்துக்கு அனுப்பலாம், ஆனால் அதைச் சொல்லிவிட்டு அனுப்ப வேண்டும். முழுப் படி ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குத்தான். அங்கே பெயர் தெரியாத இருவர் படிப்பார்கள், அறிக்கை வரும், நீங்கள் பதில் எழுத வேண்டும், பிறகு பதிப்பகத்தின் கல்விக் குழு ஒப்புதல் தர வேண்டும். இரண்டு வருஷம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றானாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

இதில் கிடைக்கும் பெரிய லாபம் அந்த இரண்டு அறிக்கைகள். நம் பக்கத்தில் ஆய்வேட்டை வழிகாட்டிக்குப் பிறகு ஆழமாகப் படிப்பவர் அரிது. முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் வாதத்தைப் பிரித்துப் போட்டு எட்டுப் பக்கம் எழுதி அனுப்புவது, நிராகரிப்போடு வந்தாலும், காசு கொடுத்தும் கிடைக்காத பொருள்.

இனி மறைந்திருக்கும் செலவு. பின்னிணைப்பாக வரும் சொல்லடைவை (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியலை) நீங்களே தயாரிக்க வேண்டும், அல்லது ஆள் வைத்துச் செய்து பணம் கொடுக்க வேண்டும். ஆவணக் காப்பகப் படங்களுக்கு அனுமதிக் கட்டணம் உங்களுடையது. ஆங்கிலத்தைச் செம்மை செய்ய ஒருவர் வேண்டும் என்று மதிப்பாய்வாளர் எழுதிவிட்டால் அதுவும் உங்கள் தலையில்தான். நம் கடற்கரை பற்றி எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு செலவு உண்டு: வரைபடம். தீவுகள், பாக் நீரிணை, 1974 உடன்பாட்டுக்குப் பிறகு கச்சத்தீவு எந்தப் பக்கம் என்பதெல்லாம் கோட்டில் தெரியும். இந்திய எல்லையை சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்துக்கு மாறாக அச்சிடுவது 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டில் ஏதோ ஒரு கணினிப் படத்தை எடுத்துப் போட்டுவிட்டால் மாட்டிக்கொள்வது இங்கே இருக்கிற நீங்கள். நல்ல வரைபடக்காரர் ஒருவரை நீங்களே பிடிப்பது உத்தமம்.

விலைதான் பெரிய சுவர். கெட்டி அட்டைப் பதிப்பு நூறு பவுண்டுக்கு மேல் போவது சாதாரணம். நம் காசுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களைப் பற்றிப் பமீலா பிரைஸ் எழுதிய ஆய்வு 1996-ல் கேம்பிரிட்ஜ் வெளியீடாக வந்தது. அதைப் படிக்க வேண்டும் என்று எங்கள் கல்லூரியில் எத்தனையோ மாணவர்கள் கேட்டார்கள். வருஷ நிதி ஒதுக்கீட்டைப் பார்ப்பேன், பட்டியலை மூடிவிடுவேன். அரண்மனைக்கு அரை மைலில் இருப்பவனுக்கு அரண்மனை பற்றிய நூல் எட்டவில்லை.

இலவசத் திறந்த பதிப்பு என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். வாசகருக்கு இலவசம்தான், அந்தச் செலவை ஆசிரியர் பக்கம் யாராவது கட்ட வேண்டும், பல பதிப்பகங்களில் அது பல லட்சம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் வேலையில் இருப்பவருக்கு அவருடைய நிறுவனம் கட்டும். நமக்கு யார் கட்டுவது? கட்டணத் தள்ளுபடி தரும் பதிப்பகங்கள் உண்டு, கேட்டுப் பார்க்க வெட்கப்பட வேண்டாம். கேட்காதவர்களுக்குத் தருவதில்லை.

உங்கள் நூலின் வாதம் இந்தக் கரையைத் தாண்டி இந்தியப் பெருங்கடல் வரலாறு, மீன்வள அரசியல், பெண் உழைப்பு என்று உலக அளவில் ஏற்கெனவே நடக்கும் பேச்சில் கலக்குமானால் இந்த வழி சரி. அவசரமில்லாதவராகவும் இருக்க வேண்டும்.

இந்தியாவின் ஆங்கிலக் கல்விப் பதிப்பகங்கள்

ஓரியண்ட் பிளாக்ஸ்வான், 2000-ல் தொடங்கிய பெர்மனன்ட் பிளாக், மனோகர், பிரைமஸ், ரூட்லெட்ஜின் டெல்லிக் கிளை என்று பலர். நல்ல பதிப்பகங்களில் மதிப்பாய்வு கடுமையாகவே இருக்கும். ஒன்று ஒன்றரை வருஷம் ஆகும். விலை ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வரை. கல்லூரி நூலகம் வாங்கலாம், தனி ஆள் யோசித்து வாங்கலாம். அதே நூலை வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகமும் இங்கே இவர்களும் எனப் பிரித்துப் போடுவதும் நடக்கிறது. அது அமைந்தால் அதிர்ஷ்டம்.

காசு வரும் என்று மட்டும் நினைக்காதீர்கள். உரிமைத்தொகை அட்டை விலையில் இல்லை, பதிப்பகத்துக்கு வந்து சேரும் தொகையில். 1,200 ரூபாய்ப் புத்தகத்தில் கடைக் கழிவு போக அவர்களுக்கு 700 ரூபாய் வருகிறது என்று வையுங்கள். அதில் 8 சதவீதம் 56 ரூபாய். 300 பிரதி விற்றால் 16,800. தகவல் தந்த முப்பது பேருக்கு ஆளுக்கொரு பிரதி கொடுக்க நினைத்தால், இலவசப் பிரதிகள் ஐந்தாறு தீர்ந்ததும், ஆசிரியர் கழிவு போக மிச்சத்தை நீங்களே வாங்க வேண்டும். வந்த தொகை அங்கேயே போய்விடும்.

தமிழ்ப் பதிப்பகம்

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் இதைத்தான் கடைசி இடத்தில் வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் எவரும் எடுத்துக்கொள்ளாவிட்டால் தமிழில் போடலாம் என்று. தலைகீழாக நிற்கிற யோசனை அது.

பாம்பன் பெண்ணின் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முழுக்கச் சொற்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று பாசிக்குப் பெயர். எந்தக் காற்றில் தண்ணீர் தெளியும், எந்தக் காற்றில் கலங்கும். எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) எத்தனை ஆள் ஆழம். ஆங்கில ஆய்வேட்டில் இவை சாய்ந்த எழுத்தில் ஒரு தடவை வந்து, பிறகு லத்தீன் பெயருக்குள் மறைந்துவிட்டன. "சார், அம்மாவுக்கு நான் வாசிச்சுக் காட்டுனேன். இது யாரப்பத்தின்னு கேட்டுச்சு" என்றார். அவருடைய அம்மா பகடிக்காகக் கேட்கவில்லை.

தமிழில் எழுதினால் அந்தச் சொற்களே வாதமாகிவிடும். படிப்பவர்கள் திருத்துவார்கள்: "எங்க ஊர்ல அத அப்படிச் சொல்ல மாட்டோம்." இது மதிப்பாய்வு இல்லையா? என்னைக் கேட்டால், களஆய்வு நூலுக்கு இதைவிடக் கடுமையான மதிப்பாய்வு கிடையாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முறையான மதிப்பாய்வு வைக்கும் தமிழ்ப் பதிப்பகங்கள் குறைவு. பெரும்பாலும் பதிப்பாளர் படிப்பார், அவருக்குத் தெரிந்த ஒருவர் படிப்பார், அவ்வளவுதான். ஆகவே நீங்களே இரண்டு பேரைப் பிடித்துப் படிக்கச் சொல்ல வேண்டும். ஒருவர் துறைக்காரர், ஒருவர் ஊர்க்காரர். சொல்லடைவு போடப் பலர் தயங்குவார்கள், பக்கம் கூடுகிறது என்பார்கள். வற்புறுத்துங்கள். சொல்லடைவு இல்லாத ஆய்வு நூல், முகவரி இல்லாத கடிதம் மாதிரி நூலக அலமாரியில் கிடக்கும். அடிக்குறிப்புகளைக் கடைசியில் கொண்டுபோய்த் திணிப்பார்கள், அதை விட்டுக்கொடுக்கலாம்.

உரிமைத்தொகை வழக்கமாக 10 சதவீதம் என்று பேசுவார்கள். கணக்கு வருகிறதா என்பது பதிப்பகத்தைப் பொறுத்தது. ஏற்கெனவே அங்கே போட்ட ஓர் ஆசிரியரிடம் ரகசியமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். புத்தகம் வெளிவரும் காலத்தை ஜனவரிச் சென்னைப் புத்தகக் காட்சிதான் தீர்மானிக்கும். அக்டோபரில் படி கொடுத்தால் டிசம்பரில் அவசர மெய்ப்பு, ஜனவரியில் பிழைகளோடு நூல். ஆய்வு நூலை மார்ச்சில் கொடுப்பது நல்லது. எல்லோரும் மூச்சு விடும் மாதம் அது, நிதானமாகப் பார்ப்பார்கள்.

அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் நூல் மாவட்டம் மாவட்டமாகக் கிளை நூலகங்களுக்குப் போகும். கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, சொன்னால் நம்ப வேண்டாம். புள்ளிக் கணக்கில் தமிழ்ப் பதிப்பகம் 'தேசிய'மா என்று சில குழுக்களில் வாக்குவாதம் வருகிறது. நேர்காணலுக்கு முன்பே உங்கள் பல்கலைக்கழகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

அரசு, பல்கலைக்கழக வெளியீடு

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், அருங்காட்சியகத் துறை, தொல்லியல் துறை இவற்றின் வெளியீடுகள் விலை மலிவு, தகவல் கனம். வாங்குவதற்குப் பெரும்பாலும் நேரில் போய் நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் வருத்தம். வரிசையில் நின்று நிதி வந்து அச்சேற எத்தனை காலம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் ஆயுள் நீளம். சங்கு குளிப்பு பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் எழுதிய அறிக்கை 1914-ல் சென்னை மாகாண மீன்வளத் துறை அச்சிட்டது. இன்றும் இந்தக் கரையில் சங்கு பற்றி எழுதுகிற எவரும் அதைத் தொடாமல் போக முடியாது, இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், தலைமையகம் மண்டபத்திலிருந்து கொச்சிக்குப் போன பிறகும், தன் பழைய வெளியீடுகளை மின் களஞ்சியத்தில் திறந்து வைத்திருக்கிறது. பளபளப்பான அட்டை கிடையாது, தேடினால் கிடைக்கும். ஆய்வாளனுக்கு வேறென்ன வேண்டும்?

நாமே போடுவது

நூலின் பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம்; ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இணையம் வழியே விண்ணப்பித்தால் போதும். அதற்குக் காசு கேட்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். ஒரு பிரதிக்கு 150 ரூபாய் அச்சுச் செலவு என்று வைத்தால் 300 பிரதிக்கு 45,000. பக்க வடிவமைப்பு, அட்டை, மெய்ப்பு தனி. அதற்குப் பிறகுதான் சுண்டைக்காய் கால் பணம் சுமைக்கூலி முக்கால் பணம்: கூரியர், கடைக் கழிவு, விற்ற காசை வாங்க நடக்கும் நடை.

கடற்கரை வீட்டில் புத்தகக் கட்டு வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உப்புக்காற்றில் மூன்றாம் வருஷமே பின் அடித்த புத்தகத்தில் துரு இறங்கி, நடுப்பக்கம் பழுப்பு வட்டமாக ஊறிப்போகும். பரணில் இருந்தால் கரையான். முந்நூறு அடிக்காதீர்கள். நூறு அடியுங்கள், தீர்ந்தால் மறுபடி அடிக்கலாம், டிஜிட்டல் அச்சில் அது முடியும். தைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

நாமே போட்டாலும் ஒரு கடமை உண்டு. 1954-ஆம் ஆண்டு நூல் அளிப்புச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கு ஆளுக்கொரு பிரதி நம் செலவில் அனுப்ப வேண்டும். தண்டச் செலவு என்று தோன்றும். ஐம்பது வருஷம் கழித்து ஒருவர் கன்னிமாராவில் உட்கார்ந்து உங்கள் நூலைக் கேட்டால் எடுத்துக் கொடுக்க ஒரு பிரதி இருக்கும். கூடவே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள்.

ஊரோடு இருந்து எழுதியவர்களின் நூல் நிற்காது என்பவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. சேதுபதிகளைப் பற்றியும் தமிழக முஸ்லிம்களைப் பற்றியும் எழுதிய எஸ்.எம். கமால் அவர்களின் நூல்கள் பின்னாளில் நாட்டுடைமை ஆக்கப்பட்டு, இன்று இணையத்தில் யாரும் இறக்கிப் படிக்கலாம்.

காசு கேட்டு வரும் கடிதம்

ஆய்வேடு சோத்கங்காவில், அதாவது இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியத்தில், ஏறிய சில மாதத்தில் வரும். "தங்கள் அரிய ஆய்வைக் கண்டு வியந்தோம், நூலாக்க விரும்புகிறோம்." எந்த அத்தியாயத்தைக் கண்டு வியந்தீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. சிலர் ஐந்தாயிரம் பத்தாயிரம் கேட்பார்கள், சிலர் ஐம்பது பிரதி நீங்களே வாங்கச் சொல்வார்கள், சிலர் எதுவும் கேட்காமல் உரிமையை மட்டும் முழுதாக எழுதி வாங்கிக்கொண்டு ஆய்வேட்டைத் தட்டச்சுப் பிழையோடு அப்படியே அச்சிட்டு யூரோவில் விலை போடுவார்கள். எங்கள் நூலகத்துக்கு ஒருமுறை அப்படி ஒன்று வாங்கினோம். 'வழிகாட்டிக்கு நன்றி' பக்கம் உட்பட எல்லாம் இருந்தது. வரைபடம் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம்.

எப்போது இது சரியான தேர்வு? எனக்குத் தெரிந்து எப்போதும் இல்லை.

ஒரு பார்வையில்

| வழி | வெளியீட்டுக்கு முன் படிப்பவர் | ஆகும் காலம் | வாசகருக்கு விலை | உங்கள் கைச்செலவு |
|---|---|---|---|---|
| வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் | இருவர், பிறகு குழு | 2–3 வருஷம் | மிக அதிகம் | சொல்லடைவு, படம், வரைபடம், மொழிச் செம்மை |
| இந்திய ஆங்கிலம் | பெரும்பாலும் உண்டு | 1–1½ வருஷம் | நடுத்தரம் | சொல்லடைவு, கூடுதல் பிரதிகள் |
| தமிழ்ப் பதிப்பகம் | நீங்கள் ஏற்பாடு செய்தால் | சில மாதம் முதல் ஒரு வருஷம் | எட்டும் விலை | பெரிதாக இல்லை |
| அரசு வெளியீடு | உண்டு | சொல்ல முடியாது | மலிவு | பொறுமை |
| சொந்தப் பதிப்பு | நீங்கள் ஏற்பாடு செய்தால் | மூன்று நான்கு மாதம் | நீங்கள் வைப்பது | எல்லாமே |
| கடிதம் அனுப்பியவர் | யாரும் இல்லை | ஒரு மாதம் | யாரும் வாங்காத விலை | நூலும் போகும் |

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி

இப்போது என் கதை. வேலையில் இருந்தபோது கீழக்கரை வீடுகளில் கிடந்த அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) பழைய அச்சு நூல்களைப் பற்றிச் சின்னதாக ஒரு நூல் எழுதினேன். ஆங்கிலப் பதிப்பகம் ஒன்று எடுத்துக்கொண்டது. ஏழு பக்க ஒப்பந்தம். சந்தோஷத்தில் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். நூல் வந்தது, விலை ஆயிரத்து எண்ணூறு. தெருவில் எல்லாரும் "தமிழ்ல எப்ப வரும்?" என்றார்கள். அப்போதுதான் மூன்றாம் பக்கத்தைப் படித்தேன்: 'எல்லா மொழிகளிலும், எல்லா வடிவங்களிலும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்.' நம் சட்டத்தில் அந்தக் காலம் என்பது ஆசிரியர் ஆயுளும் அதற்கு மேல் 60 வருஷமும். தமிழ் உரிமை கேட்டு எழுதினேன். பதினோரு மாதம் கழித்துப் பதில் வந்தது, என் நூலை என் மொழியில் போட நான் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற தொகையோடு. என் தெருவில் அந்த நூலை முழுக்கப் படித்தவர்கள் இன்றுவரை இரண்டு பேர். ஒருவர் மெய்ப்புப் பார்த்த என் மகள்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு ஆசிரியருக்குச் சாதகமாகச் சில விஷயம் சொல்கிறது. உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம்தான். பகுதி குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். வேறு விதமாக எழுதாவிட்டால், வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாதபோது அது செல்லாமல் போகும். இதையெல்லாம் தாண்டத்தான் ஒப்பந்தத்தில் அத்தனை நீள வாக்கியம். ஆகவே 'எல்லா மொழிகளிலும்' என்பதை அடித்து 'ஆங்கிலத்தில் மட்டும்' என்று எழுதுங்கள். பெரும்பாலான பதிப்பகங்கள் முகம் சுளிக்காமல் ஒப்புக்கொள்ளும், அவர்களுக்குத் தமிழில் போடும் எண்ணமே கிடையாது.

இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. டெய்லர் அண்ட் பிரான்சிஸ் என்ற கல்விப் பதிப்பகத்தின் தாய் நிறுவனமான இன்ஃபார்மா 2024-ல் மைக்ரோசாஃப்டுடன் செய்துகொண்ட ஏற்பாட்டில் கல்வி நூல்களின் உள்ளடக்கம் செயற்கை நுண்ணறிவுக்குப் போனது. பல ஆசிரியர்களுக்குச் செய்தி பார்த்துத்தான் தெரிந்தது. கேம்பிரிட்ஜ் தன் ஆசிரியர்களிடம் முன்கூட்டிச் சம்மதம் கேட்டது. உங்கள் ஒப்பந்தத்தில் இது என்ன மாதிரி இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பதிப்பகங்கள் கைமாறுவதும் நடக்கிறது. 1683-லிருந்து நெதர்லாந்தின் லெய்டனில் இருந்த பிரில் பதிப்பகம், 2024-ல் ஜெர்மனியின் டி கிரைட்டர் பதிப்பகத்தோடு இணைந்துவிட்டது. உங்கள் ஒப்பந்தமும் கூடவே போகும்.

மூன்று பேருக்கும்

கீழக்கரைத் தம்பிக்கு நேரம் குறைவு. நேர்காணலுக்குள் வெளிநாட்டு நூல் வராது என்றேன். "சரி காக்கா, அப்ப அந்தக் கடிதக்காரங்ககிட்ட..." என்று இழுத்தார். கண்டித்தேன். இந்தியப் பதிப்பகம் ஒன்றுக்குத் திட்டம் அனுப்பியிருக்கிறார். இரண்டு அத்தியாயத்தைப் பிரித்து ஒரு தொகுப்பு நூலுக்கும் ஆய்விதழுக்கும் கொடுக்கிறார். பத்துப் புள்ளி தாமதமாக வரும், ஐந்து முன்னால் வந்துவிடும்.

பாம்பன் பெண் ஆய்வேட்டின் முதல் இரண்டு அத்தியாயத்தை, அதாவது முன்னோர் சொன்னதையெல்லாம் தொகுத்த பகுதியை, வெட்டி எறிந்துவிட்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்கு அனுப்பினார். மதிப்பாய்வு முடிந்து ஒப்பந்தம் வந்தது. அந்த வரியை அடித்துத் திருப்பி அனுப்பினோம். இரண்டாம் நாளே சரி என்று பதில். தமிழ்ப் படியை அவர் மொழிபெயர்க்கவில்லை, புதிதாக எழுதுகிறார். அம்மா சொல்லச் சொல்ல.

தலைமையாசிரியர் ஐயாவுக்கு நான் வேறு எதையும் சொல்லவில்லை. எழுபத்தெட்டு வயதில் மூன்று வருஷம் காத்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தமிழில், சொந்தப் பதிப்பு, நூறு பிரதி, தைத்த கட்டு, சொல்லடைவோடு. துறைக்காரர் ஒருவர் படித்துப் பதினான்கு இடத்தில் கேள்வி போட்டார். ஐயா பன்னிரண்டுக்குப் பதில் சொன்னார், இரண்டை நீக்கினார். "தம்பி, நோட்டு திரும்பி வருமில்ல?" என்பதுதான் அவருடைய ஒரே கவலை. நோட்டுகளை ஸ்கேன் செய்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுத்தேன்.

முதல் மெய்ப்பு போன வாரம் வந்தது. தட்டச்சு செய்தவர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறார், நூல் முழுக்க 'சத்திரம்' எல்லாம் 'சித்திரம்' ஆகியிருக்கிறது. நாற்பதாம் பக்கம் வரை திருத்திவிட்டேன்.